பழைய சின்னக் காருக்கு வேறு இன்ஜின்: கையைக் கடிக்காமல் மாற்றுவது எப்படி

இன்ஜின் போய்விட்டது என்று மெக்கானிக் கைவிரித்ததும், எல்லோரும் முதலில் பழைய இன்ஜின் என்ன விலைக்குக் கிடைக்கும் என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்த விசாரணை கொஞ்சம் பொறுக்கட்டும். இருந்த இன்ஜின் எதனால் போனது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். ஏனென்றால் காரணம் பல சமயம் இன்ஜினுக்கு வெளியே இருக்கும். அடைத்துப்போன ரேடியேட்டர், சுற்றாத ஃபேன், வெடிப்பு விட்ட ஹோஸ் என்று எதுவாகவும் இருக்கலாம். இன்ஜினைத் தூக்கி வெளியே வைத்தாலும் அந்தக் கோளாறு காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அடுத்து வைக்கிற இன்ஜினையும் அதுவே காலி செய்துவிடும். குறைந்த பணத்தில் இந்த வேலையை முடிக்க நினைப்பவர்களுக்கு இரண்டாவது தடவை செலவழிக்க வழியில்லை. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது முன்சக்கர இழுவை கொண்ட பழைய சின்னக் கார். பானெட்டுக்குள் நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் குறுக்காக நிற்கும், அதன் பக்கவாட்டிலேயே கியர்பாக்ஸ் ஒட்டியிருக்கும். ஆயில், பிரேக் பேடு, பெல்ட் போன்றவற்றைச் சொந்தக் கையால் மாற்றிய பழக்கம் உங்களுக்கு இருக்க வேண்டும். அது இல்லையென்றால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். எப்படியும் இது ஒற்றை ஆள் வேலை இல்லை.

உண்மையிலேயே செத்துவிட்டதா?

ஸ்டார்ட் ஆகவில்லை என்பதற்காக இன்ஜின் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. சாவியைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டால் பேட்டரியோ, செல்ஃப் மோட்டாரோ, அரித்துப்போன எர்த் வயரோ காரணமாக இருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கிராங்க் புல்லியின் (இன்ஜினின் முதன்மைத் தண்டின் நுனியில் உள்ள சக்கரம்) நடு போல்ட்டில் நீளக் கைப்பிடியோடு சாக்கெட்டை மாட்டி, இன்ஜின் ஓடும் திசையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் பெரும்பாலான இன்ஜின்கள் கடிகார முள் திசையில் சுற்றும். ஹோண்டாவின் பழைய டி, பி வரிசை போன்ற சில இன்ஜின்கள் அதற்கு எதிர்த்திசை. அசையவே இல்லையென்றால் வெளிப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை முயலுங்கள். ஏசி கம்ப்ரசரோ ஆல்டர்நேட்டரோ இறுகிப்போய் இன்ஜினையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பது உண்டு. பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அதன் வழி தனி.

செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லாமல் 'விர்' என்று ஒரே சீராகச் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பல கார்களில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) தெரியும். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் உள்ளே பார்க்க வேண்டும். கேம் அசையவில்லையென்றால் விஷயம் தெரிந்துவிட்டது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும் இன்ஜின்களும் உண்டு, இடிக்காதவையும் உண்டு. இடிக்காத வகை புதுப் பெல்ட்டோடு பிழைத்துக்கொள்ளும். இடிக்கும் வகையிலும் பல சமயம் வால்வுகள் இருக்கும் மேல்பாதியான ஹெட்டை மட்டும் இறக்கி, வளைந்த வால்வுகளை மாற்றினால் போதும், கீழ்ப்பாதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த நிலையில் முழு இன்ஜின் வாங்குவது வீண் செலவு.

இன்ஜின் சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பாருங்கள். பிளக்குகள் எல்லாம் வெளியே, பெட்ரோலும் மின்பொறியும் துண்டிக்கப்பட்டு, ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்தபடி, நல்ல பேட்டரியோடு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. சாதாரண பெட்ரோல் இன்ஜின் ஏறத்தாழ 130 முதல் 190 பிஎஸ்ஐ வரை காட்டும், உங்கள் இன்ஜினுக்கான சரியான அளவு அதன் பணிமனைக் கையேட்டில் இருக்கும். ஆனால் அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அதற்குள் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையென்றால் வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிவு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கும்.

கடைசியாக சம்ப்பிலிருந்து (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்து, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஆயிலோடு மினுமினுவென்று உலோகத் துகள் வந்தால் பேரிங் கரைந்திருக்கிறது. கூடவே கீழிருந்து கனத்த தட்டல் சத்தமும் கேட்டிருந்தால் அந்த இன்ஜினை மறந்துவிடலாம்.

எதனால் போனது?

பழைய சின்னக் கார்களின் இன்ஜின் சாவதற்கு அதிகம் காரணமாக இருப்பது சூடு. ஹெட் அலுமினியம். அளவு மீறிச் சூடாகும்போது அது வளைகிறது, கேஸ்கெட் விடுகிறது, கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, பேரிங் போகிறது. இந்த வரிசையின் தொடக்கத்தைத் தேடுங்கள். ரேடியேட்டரை இறக்கி ஒரு பக்கம் குழாயைப் பிடித்துத் தண்ணீர் விட்டால் மறுபக்கம் தாராளமாகக் கொட்ட வேண்டும். நடுவில் குளிர்ந்த திட்டுகள் இருந்த ரேடியேட்டர், துடுப்புகள் விரல் பட்டாலே உதிரும் ரேடியேட்டர் இரண்டையும் திரும்பப் போடக் கூடாது. ஃபேன் மோட்டாருக்கு நேரடியாக பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுற்றினால் ரிலே, சுவிட்ச், வயர் என்று பின்னோக்கிப் போங்கள். தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பதற்குப் பதில் புதிதாகவே போட்டுவிடலாம், பெரிய விலை இல்லை.

ஆயில் இல்லாமல் போன இன்ஜின் என்றால் ஆயில் எங்கே போனது என்று கேளுங்கள். கசிந்ததா, எரிந்ததா, யாரும் பார்க்கவில்லையா? ஆயில் அழுத்த விளக்கு சாவி போட்டதும் எரிகிறதா என்பதையும் பாருங்கள். அந்த விளக்கு எரியாத கார்கள் எத்தனையோ இருக்கின்றன, ஓட்டுபவருக்கு எச்சரிக்கையே கிடைத்திருக்காது. நீண்ட நாள் ஆயில் எரித்த இன்ஜின் போகும்போது கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் (சைலன்சர் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் பகுதி) அடைத்துவிட்டுத்தான் போகும். அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தேன்கூடு போன்ற துளைகள் வழியே வெளிச்சம் தெரிய வேண்டும், தட்டினால் உள்ளே எதுவும் கடகடக்கக் கூடாது. அடைத்த கன்வெர்ட்டரோடு நல்ல இன்ஜினை இணைத்தால், வண்டி இழுக்கவில்லை, விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று அநியாயமாகச் சண்டை போட நேரும். நீர் தேங்கிய சாலையில் ஓட்டி இன்ஜின் நின்றிருந்தால் காற்று இழுக்கும் குழாயும் ஃபில்டர் பெட்டியும் அதனதன் இடத்தில் சரியாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள்.

கார் இதற்குத் தகுதியானதா?

இன்ஜினைத் தவிர மற்றதெல்லாம் சரியாக இருக்கும் காருக்குத்தான் இந்த வேலை. முன் சஸ்பென்ஷன் பொருந்தும் மேல்பகுதி, சப்ஃபிரேம் (முன்பகுதியின் அடியில் தாங்கும் சட்டம்) மாட்டும் இடங்கள், தரைத்தகடு ஆகியவற்றை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். துருப்பிடித்து உள்ளே போனால் இன்ஜின் வாங்காதீர்கள். கியர்பாக்ஸ் ஏற்கெனவே கூச்சலிட்டுக்கொண்டிருந்தால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மனசு ஒட்டிய கார் என்பது நல்ல காரணம்தான், நானும் அப்படிப்பட்ட ஆள். ஆனால் அந்த ஒட்டுதலுக்காகத் துருவை மறைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

இருக்கிற இன்ஜினையே திறந்து, சிலிண்டர்களைப் போர் அடித்து (குடைந்து பெரிதாக்கி), கிராங்க் தேய்த்து, புது பிஸ்டன் போட்டுக் கட்டலாமே என்று சிலர் சொல்வார்கள். நல்ல பட்டறையில் செய்தால் நீடித்து உழைக்கும். ஆனால் இயந்திர வேலைக்கூலியும் பாகங்களும் சேர்ந்து பழைய சின்னக் காரின் மதிப்பையே தாண்டிவிடுவது வழக்கம். குறைந்த செலவு என்றால் ஓடிக்கொண்டிருந்த பழைய இன்ஜின் ஒன்றை வாங்குவதுதான் என் பரிந்துரை. பின்னால் இடி வாங்கி நொறுங்கிய, ஆனால் முன்பக்கம் முழுசாக இருக்கும் அதே மாடல் கார் ஒன்று கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை. இன்ஜினை ஓடவிட்டே பார்க்கலாம். தேவைப்படும் ஒவ்வொரு பிராக்கெட்டும் கனெக்டரும் போல்ட்டும் அதிலேயே இருக்கும்.

சரியான இன்ஜின் எது?

இன்ஜினைக் காரின் பெயர் சொல்லித் தேடக் கூடாது, இன்ஜின் குறியீட்டைச் சொல்லித் தேட வேண்டும். பிளாக்கில் அடித்திருக்கும் எழுத்தும் எண்ணும்தான் அதன் அடையாளம். ஒரே மாடலில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு இன்ஜின் வந்திருக்கும். ஒரே குடும்ப இன்ஜின்கள் பார்க்க ஒன்றுபோலவே இருந்தும் வேறாக இருக்கும். டொயோட்டாவின் 1என்இசட்-எஃப்இ 1.5 லிட்டர், 2என்இசட்-எஃப்இ 1.3 லிட்டர். இரண்டும் யாரிஸ் போன்ற சின்னக் கார்களில் வந்தவை. முதல் பெயரோடு ஒரு எழுத்து கூடிய 1என்இசட்-எஃப்எக்ஸ்இ பிரியஸ் ஹைப்ரிட் காருக்கானது. அது வேறு சுழற்சியில் இயங்கும் இன்ஜின், சாதாரண யாரிஸில் அப்படியே மாட்டி ஓட்ட முடியாது. அந்த ஒரு எழுத்தைக் கவனிக்காமல் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

குறியீடு அப்படியே பொருந்தினாலும் வாங்கப்போகும் இன்ஜினின் படத்தையும் உங்கள் இன்ஜினையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மின்பொறி டிஸ்ட்ரிபியூட்டர் வழியா, ஒவ்வொரு பிளக் மேலும் தனி காயிலா? திராட்டில் கேபிளால் இழுக்கப்படுகிறதா, மின்மோட்டாரா? ஆக்சிஜன் சென்சார், கிராங்க் சென்சார் எங்கே இருக்கின்றன, கனெக்டரில் எத்தனை கம்பி? மவுண்ட் பிராக்கெட், ஏசி கம்ப்ரசர் பிராக்கெட், பவர் ஸ்டீயரிங் பம்ப் எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றனவா? 1990-களின் நடுவில், மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் மாறியபோது, பல கார்களில் இன்ஜின் அப்படியே இருந்து வயரிங் மட்டும் மாறியது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும் ஓபிடி-2 (கோளாறுகளைக் காரே கண்டறிந்து சொல்லும் மின்னணு முறை) கட்டாயமானது. அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் உள்ள இரண்டு இன்ஜின்களை மாற்றும்போது தனிக் கவனம் தேவை.

வித்தியாசம் இருந்தால் பயந்துவிட வேண்டாம். பெரும்பாலும் ஒரு எளிய வழி உண்டு. புது இன்ஜினின் பிளாக்கையும் ஹெட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, இன்டேக் மெனிஃபோல்ட், திராட்டில், சென்சார்கள், வயரிங், பிராக்கெட்டுகள் எல்லாவற்றையும் உங்கள் பழைய இன்ஜினிலிருந்து மாற்றி மாட்டுங்கள். ஈசியூவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றாதீர்கள். சாவியில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) உள்ள கார்களில் ஈசியூவை மாற்றினால் ஸ்டார்ட்டே ஆகாது.

வாங்கும் இடத்தில்

கையில் ஒரு சாக்கெட் செட், டார்ச், வெள்ளைத் துணி, முடிந்தால் தொலைபேசியில் இணையும் சின்னக் குழாய்க் கேமரா. இவ்வளவு போதும். முதலில் ஆயில் மூடியைத் திறங்கள். உள்பக்கம் தேன் நிறத்தில் பளபளப்பாக இருந்தால் ஆயிலை ஒழுங்காக மாற்றியிருக்கிறார்கள். தார் மாதிரி கெட்டியான கறுப்புப் படிவு இருந்தால் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். வெண்ணெய் மாதிரி வெளிறிய நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழையில் கிடந்ததால் உள்ளே போன ஈரமாகவும் இருக்கலாம், ஆனால் அது உங்கள் கவலை இல்லை, வேறு இன்ஜின் பாருங்கள்.

அடுத்து பிளக்குகளைக் கழற்றி வரிசையாகத் துணிமேல் வையுங்கள். நான்கும் ஒரே பழுப்பு நிறம் என்றால் நல்லது. ஒன்று மட்டும் ஆயிலில் நனைந்து கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் கேள்வி இருக்கிறது. ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல வெள்ளையாக இருந்தால் அதில் கூலன்ட் புகுந்திருக்கலாம். கேமரா இருந்தால் சிலிண்டர் சுவரைப் பாருங்கள். மேலும் கீழுமாகக் கோடுகள் இழுத்திருந்தால் வேண்டாம். பிறகு கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் திருப்புங்கள். கையில் ஒரு சீரான இறுக்கம் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் கனத்தால், அல்லது 'கிணுக்' என்று எதிலோ போய் நின்றால், பேசிப் பயனில்லை. கியர்பாக்ஸோ பெல் ஹவுசிங்கோ ஒட்டியிருந்து செல்ஃப் மோட்டாரும் இருந்தால் பேட்டரி கொடுத்து அங்கேயே கம்ப்ரஷனும் பார்த்துவிடலாம். குளிர்ந்த இன்ஜினில் அளவு சற்றுக் குறைவாக வரும். நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

இன்ஜின் எண்ணைக் குறிப்பிட்ட ரசீதை வாங்காமல் கிளம்பாதீர்கள். பல நாடுகளில் காரின் பதிவு ஆவணத்தில் இன்ஜின் எண்ணும் இருக்கும், அதை மாற்றும்போது இந்த ரசீதுதான் கேட்கப்படும். எண் சுரண்டப்பட்டிருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். உத்தரவாதம் உண்டு என்றால் எழுத்தில் வாங்குங்கள், எத்தனை நாள், எதற்கெல்லாம் என்று படியுங்கள். சிலர் ஹெட்டில் ஒரு சின்ன வில்லையை ஒட்டித் தருவார்கள். ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதன் நடுப்பகுதி உருகிவிடும். அது உருகியிருந்தால் நீங்கள் சூடாக்கிவிட்டீர்கள் என்று உத்தரவாதம் ரத்து. கொண்டுவரும்போதே அது முழுசாக இருக்கிறதா என்று படம் எடுத்து வையுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. கையில் இருப்பதை முழுக்க இன்ஜினுக்கே கொடுத்துவிடாதீர்கள். இன்ஜின் விலையில் பாதியாவது மற்றவற்றுக்குத் தனியாக இருக்க வேண்டும். டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள், கேஸ்கெட்டுகள், பிளக், ஹோஸ், கிளட்ச், ஆயில், கூலன்ட், கிரேன் வாடகை எல்லாம் அதிலிருந்துதான் வர வேண்டும். இந்தப் பணம் இல்லாமல் வாங்கிய நல்ல இன்ஜினைவிட, இந்தப் பணத்தோடு வாங்கிய சுமாரான இன்ஜின் அதிக நாள் ஓடும் என்பதே என் எண்ணம்.

கழற்றுவது

சின்னக் காரின் இன்ஜின் 100 கிலோவுக்கு முன்பின் இருக்கும். கியர்பாக்ஸோடு சேர்ந்தால் 150 கிலோவைத் தாண்டலாம். தூக்கும் கிரேனின் கையை நீட்ட நீட்ட அதன் தாங்கும் திறன் குறையும். 2 டன் கிரேன் என்று எழுதியிருப்பதெல்லாம் கை முழுக்க உள்ளே இருக்கும்போதுதான், முழுக்க நீட்டினால் அரை டன்னாகிவிடும். எந்த நிலையில் எவ்வளவு என்று கையிலேயே குறித்திருப்பார்கள், பாருங்கள். காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். சமமான கெட்டித் தரையில் ஸ்டாண்டுகள் வைத்து, காரைக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தலையை நீட்ட வேண்டும். தொங்கும் இன்ஜினுக்குக் கீழே கையோ காலோ எந்தக் காரணத்துக்காகவும் போகக் கூடாது.

முந்தைய நாள் மாலையே சைலன்சர் குழாய் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். இந்த வேலையில் உடைவது பெரும்பாலும் அவைதான். சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்துங்கள். காரைத் தூக்கிய பிறகு அது அசையாது.

பேட்டரியில் மைனஸை முதலில் கழற்றுங்கள். பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, குழாய் மூட்டைத் துணியால் சுற்றி மெதுவாகத் தளர்த்துங்கள். பக்கத்தில் நெருப்போ எரியும் குண்டு விளக்கோ வேண்டாம். கூலன்ட்டை வடித்து மூடி வையுங்கள். அது இனிக்கும், நாய் பூனைகள் குடித்தால் செத்துப்போகும். பானெட்டின் கீல்களைச் சுற்றி மார்க்கர் கோடு போட்டுவிட்டு இறக்குங்கள், திரும்ப மாட்டும்போது அளவு பார்க்க வேண்டியிருக்காது.

ஏசி குழாய்களைக் கழற்ற வேண்டாம். கம்ப்ரசரை மட்டும் பிராக்கெட்டிலிருந்து விடுவித்து, குழாயோடு ஓரமாக ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். வாயு வெளியேறாது, திரும்ப நிரப்பும் செலவும் இல்லை. பவர் ஸ்டீயரிங் பம்புக்கும் இதே வழிதான்.

வயரிங்குக்கு நேரம் கொடுங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றியதும் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப், அதில் ஒரே எண். வாக்குவம் குழாய்களுக்கும் அப்படியே. போல்ட்டுகளைச் சின்னச் சின்ன உறைகளில் போட்டு, எங்கிருந்து வந்தவை என்று எழுதுங்கள். பழைய கார்களின் பிளாஸ்டிக் கனெக்டர்கள் வெயிலில் காய்ந்து சருகாகியிருக்கும். வயரைப் பிடித்து இழுக்காமல், பூட்டை அழுத்தியபடி கனெக்டரின் உடலைப் பிடித்து ஆட்டி ஆட்டி எடுங்கள். பிளாக்கிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டைகளைத் தேடிக் கழற்றுங்கள். இன்ஜினைத் தூக்கும்போது எங்கோ ஒன்று இழுத்துப் பிடித்தால் பெரும்பாலும் இந்த எர்த் பட்டையாகவோ ஹீட்டர் ஹோஸாகவோதான் இருக்கும்.

பால் ஜாயின்ட்டைப் பிரித்து ஆக்சில்களை வெளியே எடுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் கொட்டும், அடியில் தட்டு வையுங்கள். கியர் கேபிள், கிளட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள் ஆகியவற்றை விடுவியுங்கள். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகவே தூக்குவது பல சின்னக் கார்களில் சுலபம். சில மாடல்களில் சப்ஃபிரேமோடு கீழே இறக்குவதுதான் முறை, கையேட்டில் பாருங்கள். செயினை இன்ஜினில் அதற்கென உள்ள கொக்கிகளில் மாட்டி, கிரேன் எடையை ஏந்தத் தொடங்கிய பிறகே மவுண்ட் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். ஒரு விரற்கடை தூக்குங்கள், நிறுத்துங்கள், சுற்றிவரப் பாருங்கள், அப்புறம் அடுத்த விரற்கடை.

வெளியே இருக்கும்போதே

புது இன்ஜின் தரையில் நிற்கும் இந்தச் சில மணி நேரம் விலைமதிப்பற்றது. பின்பக்க கிராங்க் சீலை மாற்றுவதற்கு இப்போது சில போல்ட்டுகளும் பொறுமையும் போதும். காருக்குள் போன பிறகு அது கசிந்தால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். பல மாதம் சும்மா கிடந்த இன்ஜினின் ரப்பர் சீல்கள் இறுகிப்போயிருக்கும். ஆகவே முன்பின் கிராங்க் சீல்கள், கேம் சீல், வால்வு கவர் கேஸ்கெட், டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், பிளக்குகள் அனைத்தும் புதிதாகவே போகட்டும். பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று விற்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பெல்ட் மாற்றியதும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பி, குறிகள் திரும்ப அதே இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஹெட்டை மட்டும் திறக்காதீர்கள். கம்ப்ரஷன் சரியாக இருக்கும்போது 'எதற்கும் பார்த்துவிடலாமே' என்று திறந்தால் கேஸ்கெட், புது ஹெட் போல்ட், மட்டம் தேய்த்தல் என்று செலவு நீளும்.

கியர்பாக்ஸை இணைப்பதுதான் புதியவர்கள் அதிகம் அவசரப்படும் இடம். மேனுவல் என்றால் புது கிளட்ச் பிளேட்டை அதற்கான நடுப்படுத்தும் கருவியால் நிறுத்தி, ஃப்ளைவீல் பக்கம் எது என்று அதிலேயே எழுதியிருப்பதைப் பார்த்து மாட்டுங்கள். நேர்படுத்தும் டவல் பின்கள் இரண்டும் பிளாக்கில் இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் கையால் தள்ளும்போதே உள்ளே போய்ப் பொருந்த வேண்டும். ஒரு அங்குலம் இடைவெளி விட்டு நின்றால், சுற்றியுள்ள போல்ட்டுகளை முறுக்கி இழுத்துச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், ஹவுசிங் விரிசல் விடும். கொஞ்சம் பின்னே எடுத்து, ஷாஃப்டைச் சற்றே திருப்பி, மறுபடி தள்ளுங்கள்.

ஆட்டோமேட்டிக் என்றால் டார்க் கன்வெர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதிலாக இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பகுதி) முழுக்க உள்ளே உட்கார்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. அதைத் தள்ளிக்கொண்டே சுழற்றினால் 'தொக்' என்று ஒரு படி இறங்கும். அதோடு நிறுத்தாமல் இன்னும் சுழற்றுங்கள். இரண்டாவது, சில சமயம் மூன்றாவது படியும் இறங்கும். முழுக்க இறங்கியதா என்பதை ஹவுசிங் விளிம்புக்குக் குறுக்கே ஒரு பட்டையை வைத்து ஆழம் அளந்து, கையேட்டோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். இன்ஜினோடு சேர்த்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். சுழலாமல் இறுகியிருந்தால் ஸ்டார்ட் செய்த கணமே கியர்பாக்ஸின் பம்ப் உடையும்.

உள்ளே வைத்து உயிர் கொடுப்பது

இறக்குவது கழற்றியதன் தலைகீழ். மவுண்ட் போல்ட்டுகளை எல்லாம் முதலில் தளர்வாக மாட்டி, இன்ஜின் தன் இடத்தில் அமர்ந்த பிறகு முறுக்குங்கள். ஆக்சிலை உள்ளே தள்ளும்போது 'கிளிக்' என்று பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றினீர்களா? இதை மறந்து ஓட்டிய கியர்பாக்ஸ்கள் சீக்கிரம் போய்விடும், அதனால் ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். எர்த் பட்டைகளை மணல்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

ஆயில் ஊற்றியதும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் காயில் கனெக்டரையும் கழற்றி, பிளக்குகளையும் வெளியே எடுத்துவிட்டு, 10 நொடி செல்ஃப் அடியுங்கள், ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள், மறுபடி அடியுங்கள். ஆயில் விளக்கு அணையும்வரை இதைச் செய்ய வேண்டும். அணையவே இல்லையென்றால் காரணம் கண்டுபிடிக்காமல் மேலே போகக் கூடாது. அணைந்ததும் பிளக்குகளை மாட்டி, எல்லாவற்றையும் இணைத்து, ஒருவர் சாவியிலும் இன்னொருவர் டார்ச்சோடு இன்ஜின் பக்கமும் நில்லுங்கள்.

ஓடத் தொடங்கியதும் முதல் அரை நிமிடம் பெட்ரோல் கசிவைத்தான் தேட வேண்டும். பிறகு ஆயில், பிறகு கூலன்ட். டேப்பெட் பக்கமிருந்து சில நொடி கடகடப்பு வந்து அடங்கலாம். கீழிருந்து கனத்த தட்டல் வந்தால் உடனே நிறுத்துங்கள். கூலன்ட் அமைப்பில் காற்று சிக்கியிருக்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, காற்று விடும் திருகு இருந்தால் அதைத் திறந்து, குமிழ் நிற்கும்வரை ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே திறக்கலாம். சூடான பிறகு திறந்தால் வெந்நீர் முகத்தில் அடிக்கும். தெர்மோஸ்டாட் பொதுவாக 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கும், அப்போது மேல் ஹோஸ் திடீரெனச் சூடாவது கையில் தெரியும். ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்த பிறகே காரைத் தெருவுக்குக் கொண்டுபோங்கள். பழைய இன்ஜின் சூட்டினால் போனதென்றால் இந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே பாருங்கள்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி மட்டும் இருக்கட்டும். மறுநாள் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் மட்டம், டிப் ஸ்டிக், தரையில் சொட்டு ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு வாரத்தில் மவுண்ட், சைலன்சர் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி சரிபாருங்கள். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டி அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கறுப்புப் பிசுக்கு பரவாயில்லை, உலோக மினுக்கு இருந்தால் உத்தரவாதக் காலத்துக்குள் விற்றவரிடம் பேச வேண்டிய நேரம் அது. பதிவு ஆவணத்திலும் காப்பீட்டிலும் இன்ஜின் எண்ணை மாற்றும் வேலையையும் இந்த நாட்களிலேயே முடித்துவிடுங்கள்.

வடித்த ஆயிலையும் கூலன்ட்டையும் சாக்கடையில் ஊற்றாமல், சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பழைய இன்ஜினை உடனே எடைக்குப் போட வேண்டாம். ஆல்டர்நேட்டர், செல்ஃப் மோட்டார், சென்சார்கள், இன்ஜெக்டர்களைக் கழற்றிப் பெயர் எழுதி வையுங்கள். புது இன்ஜினில் ஏதோ ஒரு பிராக்கெட்டோ அதிகம் கிடைக்காத ஒரு போல்ட்டோ இல்லை என்று தெரியவருவது பெரும்பாலும் முதல் மாதத்தில்தான். உத்தரவாதக் காலம் முடியும்வரை பிளாக்கும் ஒரு மூலையில் கிடக்கட்டும், அதன் பிறகு எடைக்குப் போட்டுவிடலாம்.